படம், ஒலி, எழுத்து மூன்றையும் சேர்த்துப் படித்தால் பாடம் மனதில் நிற்குமா?

நிற்கும். ஆனால் மூன்றும் ஒரே வேலையைச் செய்யக்கூடாது, ஆளுக்கொரு வேலை இருக்க வேண்டும். சென்னை வியாசர்பாடியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன்.

இதயப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். ‘லப்’, ‘டப்’ ஒலிகள் எப்படி உண்டாகின்றன என்று கேட்டால் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். அந்த ஒலியை எழுப்பும் வால்வை, அதாவது இதயத்துக்குள் திறந்து மூடும் கதவை, படத்தில் தொட்டுக் காட்டு என்றால் விரல் நின்றுவிடும். அதனால் இப்போது போர்டில் நான்கு அறைகளையும் வரைந்துவிட்டு, போனில் இதயத்துடிப்பை ஓடவிடுகிறேன். ‘லப்’ கேட்கும்போது ஈரிதழ், மூவிதழ் வால்வுகள் மூடுகின்றன. கை அங்கே போகும். ‘டப்’ கேட்டால் அரைச்சந்திர வால்வுகளுக்குப் போகும். பெயரையும் அந்தந்த வால்வுக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுவேன். 1, 2, 3 என்று எண் போட்டுக் கீழே பட்டியல் கொடுத்தால், மேலும் கீழும் பார்த்தே பிள்ளைக்குக் கண் களைத்துவிடும். போன வருடம் ஒரு பெண், நாலைந்து தடவை கேட்டதும் ஒலியை நிறுத்தச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு, தானே “லப்... டப்” என்று சொல்லியபடி காற்றில் அந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். எனக்குச் சிலிர்த்துவிட்டது.

கனடா உளவியலாளர் ஆலன் பைவியோ 1971இல் எழுதிய நூலில் இதை விளக்கியிருக்கிறார். சொல்லாக ஒரு தடம், உருவமாக ஒரு தடம். ஒன்று மறந்தாலும் மற்றொன்று இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

அப்புறம், நான் செய்த தவறு ஒன்று. 2020 ஊரடங்கில் வீடியோ தயாரித்தபோது முழுப் பத்தியையும் திரையில் போட்டு, அதையே வாசித்து, பின்னணியில் இசையும் சேர்த்தேன். பிள்ளைகளுக்குப் பாதிகூட ஏறவில்லை. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் இதைச் சோதித்தே காட்டியிருக்கிறார்: படம் ஓடும்போது விளக்கம் காதுக்கு வந்தால் போதும், அதே வாக்கியங்கள் திரையிலும் ஓடினால் கற்பது குறையும். படத்தைப் பார்ப்பதும் எழுத்தைப் படிப்பதும் ஒரே கண்தானே! புதிய கலைச்சொல்லை மட்டும் எழுத்தில் காட்டினால் போதும்.

வீட்டில் பிள்ளைக்குச் சொல்லித்தருபவர்களுக்கு ஒன்று. நம் பாடப்புத்தகத்திலேயே க்யூஆர் கோடு இருக்கிறது, ஸ்கேன் செய்து வீடியோவைக் காட்டுங்கள். பார்த்து முடித்ததும் எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும், அதை நம்பிவிடாதீர்கள். போனையும் புத்தகத்தையும் மூடிவைத்துவிட்டு, ஒரு வெள்ளைத்தாளில் வரைந்து, வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். எங்கே பென்சில் நிற்கிறதோ, அந்த இடத்தை மட்டும் திரும்ப ஓடவிடுங்கள்.