பழைய போன் வாங்கும்போது அது போலியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெட்டி, பில், ஸ்டிக்கர் எதையும் நம்பாதீர்கள், எல்லாவற்றையும் அச்சடித்துவிடுகிறார்கள். பணம் கொடுக்கும் முன் அந்த போனில் *#06# அழுத்துங்கள். 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும்; ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண் அது. இந்தியாவில் என்றால், ஆங்கில எழுத்தில் கே.ஒய்.எம். என்று அடித்து, ஓர் இடம் விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சேவை இது. அதே துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்திலும் பார்க்கலாம். பதிலில் வரும் கம்பெனி, மாடல் பெயர் கையில் இருக்கும் போனோடு பொருந்தாவிட்டாலோ, 'பிளாக்லிஸ்ட்', 'டூப்ளிகேட்' என்று வந்தாலோ வாங்கவே வாங்காதீர்கள்.

இதுமட்டும் போதாது. அசல் போனின் எண்ணை எடுத்துப் போலியில் ஏற்றுவதும் நடக்கிறது; அப்போது பதில் சரியாகவே வரும். அதனால் போனைக் கையில் வாங்கி நன்றாக நோண்டிப் பாருங்கள். போலி ஐபோன்கள் பலவற்றில் உள்ளே ஓடுவது ஆண்ட்ராய்டுதான். முகப்பு அச்சு அசலாக இருக்கும், ஆப் ஸ்டோரைத் தொட்டால் கூகுள் பிளே திறக்கும்! செட்டிங்ஸில் 256 ஜிபி என்று இருப்பதும் ஆதாரமில்லை, அந்த எழுத்தையே மாற்றிவிடுகிறார்கள்.

ஏற்கெனவே ஆன்லைனில் பணம் கட்டி ஏமாந்துவிட்டீர்கள் என்றால் தயங்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். விற்றவருடன் பேசிய சாட் மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள்.