"எனக்கு வராது" என்று ஒதுங்கும் பிள்ளைகள்: கேள்வி பதில்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. எதைத் தொட்டாலும் "எனக்கு வராதும்மா" என்று பாதியில் விட்டுவிடுகிறான். "நீதான் பெஸ்ட்" என்று புகழ்ந்துகொண்டேதான் இருக்கிறோம். பலனில்லை.

பதில்: புகழ்வதைக் கொஞ்சம் குறையுங்கள் அம்மா. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 8 முதல் 12 வயதுப் பிள்ளைகள் வான்கோவின் ஓவியம் ஒன்றைப் பார்த்து வரைந்தார்கள். சிலருக்கு "அழகாக வரைந்திருக்கிறாய்" என்று பாராட்டு வந்தது. சிலருக்கு "நம்பவே முடியாத அழகு!" என்று வந்தது. அடுத்து எதை வரையலாம் என்று கேட்டபோது, தன்னைக் குறைவாக நினைக்கும் பிள்ளைகளில் அந்தப் பெரிய பாராட்டு வாங்கியவர்கள் சுலபமான படங்கள் பக்கம் ஒதுங்கினார்கள். எடுத்த பேரைக் காப்பாற்ற வேண்டுமே!

அதனால் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். "மூணாவது கணக்கு தப்பானதும் அழிச்சிட்டு மறுபடி போட்டியே" என்றால் போதும். 7, 8 வயதுக்குப் பிறகுதான் பிள்ளைகள் அடுத்தவரோடு ஒப்பிட்டுத் தங்களை எடைபோடுவது வலுக்கும். நீங்களும் பக்கத்து வீட்டுப் பையனின் மார்க்கை இழுக்காதீர்கள்.

கேள்வி: 11 வயது மகளைச் சொந்தக்காரர்கள் "கருவாச்சி" என்கிறார்கள். போட்டோவுக்கே நிற்பதில்லை.

பதில்: அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்றுதான் அவள் பார்க்கிறாள். சிரித்து மழுப்பினால், நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வாள். "அவ நிறத்தைப் பத்திப் பேசாதீங்க அத்தை" என்று அவள் எதிரிலேயே சொல்லுங்கள். மனஸ்தாபம் வந்தால் வரட்டும். "கருப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்பதும் ஆறுதல் இல்லை. அப்புறம், வீட்டில் சிவப்பழகு கிரீம் இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: நான் நாலாம் வகுப்பு ஆசிரியை. ஒரு மாணவன் வாயால் கேட்டால் டக்கென்று சொல்கிறான். எழுதச் சொன்னால் "நான் மக்கு மிஸ்" என்கிறான்.

பதில்: டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். அதாவது அறிவுக் குறைவு இல்லை, வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் சிரமம். பெற்றோரிடம் பேசிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை அவனைப் போர்டில் எழுதவோ சத்தமாக வாசிக்கவோ கூப்பிடாதீர்கள். பதிலை வாய்மொழியாகவே வாங்குங்கள்.

கேள்வி: நாங்கள் அடித்துத்தான் வளர்த்தோம். பிள்ளைகள் நன்றாகத்தானே வந்தார்கள்?

பதில்: நன்றாக வந்தவர்கள்தான் ஐயா நம் கண்ணில் படுகிறார்கள்.

கேள்வி: டாக்டரிடம் எப்போது போக வேண்டும்?

பதில்: சாப்பாடு, தூக்கம் கெட்டு, பள்ளிக்கே போகமாட்டேன் என்று இரண்டு வாரம் நீடித்தால் போங்கள். "நான் செத்துப்போறேன்" என்று சொன்னால் அன்றைக்கே. விளையாட்டுப் பேச்சு என்று விடாதீர்கள். குழந்தையைத் தனியாகவும் விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவச எண், 24 மணி நேரமும் பேசலாம்.