பதில்: ஸ்டெல்லேரியத்தில் கௌகமேலா சந்திர கிரகணம் வரவில்லை

நண்பரே, பாரசீக மன்னர் டேரியஸை அலெக்சாண்டர் வென்ற கௌகமேலா போருக்குச் சற்று முன் (கி.மு. 331) வந்த சந்திர கிரகணம், ஸ்டெல்லேரியம் என்ற வானத்தைக் காட்டும் மென்பொருளில் தெரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். ஆண்டு இடத்தில் -331 என்று போட்டதால்தான் 20 செப்டம்பர் அன்று கிரகணம் எதுவும் தெரியவில்லை. -330 என்று போட்டுப் பாருங்கள். வானியல் கணக்கில் 0 என்று ஓர் ஆண்டு உண்டு, கி.மு. 1 தான் அந்த 0. அதனால் கி.மு. 331 என்பது -330 ஆகிவிடும்.

தேதியை மாற்ற வேண்டாம். 1582க்கு முந்தைய தேதிகளை மென்பொருளே இன்றைய நாட்காட்டிக்கு முன் வழங்கிய ஜூலியன் நாட்காட்டியில்தான் எடுத்துக்கொள்ளும்.

அப்புறம், இடத்தை வடக்கு ஈராக்கில் மோசூல் பக்கம் வையுங்கள். நேர மண்டலம் இந்திய நேரத்திலேயே இருந்தால் அந்த ஊர்ப் பொழுதைவிட இரண்டரை மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகக் காட்டும். 'டெல்டா டி' திருத்தத்தை (சீராக ஓடும் கடிகார நேரத்துக்கும் பூமியின் சுழற்சி காட்டும் நேரத்துக்கும் உள்ள வேறுபாடு) மட்டும் அணைத்துவிடாதீர்கள். பூமியின் சுழற்சி மெல்ல மெல்லக் குறைந்து வருவதால், அந்தக் காலத்துக்கு அந்தத் திருத்தமே சுமார் 4 மணி நேரம் வரும்.

எல்லாம் சரியாக இருந்தால் முன்னிரவில் நிலா முழுதாக மறைவதைப் பார்க்கலாம். இரவின் இரண்டாம் நாழிகையில் என்று ரோமானியர் பிளினி எழுதியதும் இதோடு பொருந்துகிறது. (அவர் சொல்லும் நாழிகை நம் 24 நிமிடம் அல்ல, இரவில் பன்னிரண்டில் ஒரு பங்கு.)

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி பாபிலோனியக் களிமண் பலகை, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நிலா முழுதாக மறைந்திருந்தபோது மேற்குக் காற்று, விலகும்போது கிழக்குக் காற்று என்றுகூடக் குறித்திருக்கிறார்கள்! பதினோரு நாள் கழித்து நடந்த கௌகமேலா போரும் அதே பலகையில் இருக்கிறது.