'வாக்கிங் டெட்' என்ற ஜோம்பி (நடைபிணங்கள்) டிவி தொடரில் சிறுமி சோஃபியா கொட்டகையிலிருந்து வெளியே வரும் காட்சி ஏன் இவ்வளவு பாதிக்கிறது?

இரண்டாம் சீசனின் ஏழாவது எபிசோடைக் கேட்கிறீர்கள். 2011 நவம்பரில் வந்தது. நான் மூன்று முறை பார்த்துவிட்டேன், மூன்று முறையும் தொண்டை அடைத்தது.

முக்கியமான காரணம் காத்திருப்பு. சீசனின் முதல் எபிசோடிலேயே நெடுஞ்சாலையில் அந்தச் சிறுமி காணாமல் போகிறாள். அதன்பிறகு தேடல், தேடல்தான். தேடும் குழுவில் ஒருவனான டேரில் ஒரு வெள்ளைப் பூவைப் பறித்துவந்து அவள் அம்மா கேரலிடம் தருவான். அவன் நம்பியதால் நாமும் நம்பினோம். கதை நகரவே இல்லை என்று பலர் சலித்துக்கொண்டார்கள்; அந்தச் சலிப்பும் கடைசியில் விழும் அடிக்குத் தேவைப்பட்டது என்பேன்.

காட்சியைக் கவனியுங்கள். குழுவில் இன்னொருவனான ஷேன் கொட்டகையின் பூட்டை உடைக்கிறான், உள்ளே அடைபட்டிருந்து வெளியே வந்த ஜோம்பிகளையெல்லாம் சுட்டுத் தள்ளுகிறார்கள். பிறகு அமைதி. கடைசியாக ஒரு சின்னக் கால் தயங்கி வெளிச்சத்துக்கு வருகிறது. சோஃபியாதான்; தோளில் கடிபட்ட காயம், அவளும் ஜோம்பியாகிவிட்டாள். ஓடிவரும் கேரலை டேரில் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறான். அத்தனை நேரம் வீரம் பேசிய ஷேன் அசையவில்லை. கைவிடாமல் தேடச் சொன்ன குழுத் தலைவன் ரிக்தான் முன்னால் வந்து துப்பாக்கியை நீட்டுகிறான்.

இன்னொன்று: மூலமான காமிக்ஸில் சோஃபியா சாகவில்லை. அதைப் படித்தவர்களுக்கும் இது எதிர்பாராத இடி.

ஏழாம் சீசன் தொடக்கத்தில் இன்னொரு முக்கியப் பாத்திரமான க்ளென் இறந்தபோது எனக்கு வந்தது கோபம். இங்கே வந்தது துக்கம். பத்து நிமிஷம் டிவியை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.