மூன்று கடிதம் போட்டேன், ஒன்றும் வரவில்லை

கேள்வி: அண்ணா, எங்கள் ஊர் சென்னிமலைக்குப் பக்கம். சாயங்கால டவுன் பஸ் வாரத்தில் பாதி நாள் வருவதில்லை. இதைப் பற்றி உள்ளூர்ப் பத்திரிகையின் 'ஆசிரியருக்குக் கடிதம்' பகுதிக்கு மூன்று முறை எழுதிவிட்டேன். இரண்டை பேப்பர் ஏஜென்ட் கையிலேயே கொடுத்தேன். எதுவும் வரவில்லை. ஆள் தெரிந்தால்தான் போடுவார்கள் என்கிறார் என் மாமனார். நிஜமா? கடைசியாக எழுதியதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.
- ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: இல்லை அம்மிணி. ஈரோட்டில் ஒரு நாளிதழில் 19 வருஷம் அந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களைப் பிரித்துப் படித்தவன் நான். சிபாரிசில் வந்தவை சில உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் நாங்கள் போட்டவற்றில் பெரும்பாலானவை முகமே தெரியாதவர்கள் எழுதியவை.

உங்கள் நகலைப் படித்தேன். நான்கு பக்கம். முதல் ஒன்றரைப் பக்கம் பத்திரிகைக்குப் பாராட்டு, அப்புறம் நாட்டு நடப்பு. மூன்றாம் பக்கத்து நடுவில்தான் இது வருகிறது: "ஐந்தே முக்கால் பஸ் வராத அன்று என் மகளும் கூடப் படிக்கும் பிள்ளைகளும் மூன்று கிலோமீட்டர் நடந்து வருகிறார்கள், வாய்க்கால் பாலத்துக்கு இந்தப் பக்கம் விளக்கே கிடையாது." படித்ததும் நெஞ்சு கனத்துவிட்டது. முதல் வரியே இதுவாக இருக்க வேண்டும். இடம் பற்றாத நாளில் உதவி ஆசிரியர் கீழிருந்துதான் வெட்டிக்கொண்டு வருவார்.

நான்காம் பக்கத்தில் கண்டக்டர் பெயரைப் போட்டு, வேண்டுமென்றே செய்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் எந்த ஆசிரியரும் கடிதத்தைத் தள்ளி வைத்துவிடுவார். அவதூறு வழக்கு என்று வந்தால் எழுதியவரோடு பத்திரிகையும் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் கண்ணால் பார்த்தது பஸ் வராததை மட்டும்தான். அதை எழுதுங்கள், போதும்.

பால் கணக்கு குறிக்கிற காலண்டரிலேயே பஸ் வராத நாளைச் சுழித்து வாருங்கள். ஒரு மாதம் ஆனதும் டிப்போவில் மனு கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் கடிதம். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன். எண்களை உங்கள் காலண்டரைப் பார்த்துப் போடுங்கள்:

"எங்கள் ஊருக்கு மாலை 5.45-க்கு வரவேண்டிய டவுன் பஸ் போன மாதம் 11 நாள் வரவில்லை. அந்த நாட்களில் 14 பள்ளிப் பிள்ளைகள் 3 கிலோமீட்டர் இருட்டில் நடந்து வந்தார்கள். 4-ஆம் தேதி டிப்போவில் மனு கொடுத்தோம், பதில் இல்லை. இந்த ஒரு டிரிப்பை நாள் தவறாமல் விட வேண்டும்."

அவ்வளவுதான். நிருபர் ஒரு போன் போட்டாலே சரிபார்த்துவிடலாம். முழுப் பெயர், முகவரி, போன் நம்பர் எழுதுங்கள். பெயர் வெளியில் வர வேண்டாம் என்றால் அதையும் எழுதுங்கள். மொட்டைக் கடிதத்தை நாங்கள் போட்டதே இல்லை.

மஞ்சள் மண்டியில் வேலை பார்த்த ஒருவர் அனுப்பிய தபால் அட்டை இன்னும் என் நினைவில் இருக்கிறது. ஓரத்தில் கட்டைவிரல் ரேகை மஞ்சளாகப் பதிந்திருந்தது. லாரியில் மூட்டை இறக்குகிற சந்தில் விளக்கு எரியவில்லை, எத்தனை நாளாக, எந்தக் கம்பம், ஆறே வரி. அப்படியே போட்டோம். ஒரு வாரத்தில் இன்னொரு அட்டை வந்தது: "விளக்கு எரிகிறது. நன்றி." அதில் பிரசுரிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் ரொம்ப நாள் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன்.

ஏஜென்ட்டிடம் கொடுத்தீர்களே, அவர் பேப்பர் கட்டைப் பிரித்துப் போடுகிறவர். உங்கள் கடிதம் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதே சந்தேகம். பத்திரிகையில் பொடி எழுத்தில் அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயர்களோடு ஒரு வரி இருக்கும். 1867-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருகிற வழக்கம் அது. அங்கே இருக்கும் முகவரிக்கு நேராக அனுப்புங்கள்.

வந்த கடிதம் எல்லாவற்றையும் ஆசிரியர் போட்டாக வேண்டும் என்று இல்லை. ஒரு சர்ச்சையில் இரண்டு பக்கத்துக் கடிதங்களுக்கும் நியாயமாக இடம் தர வேண்டும் என்றுதான் பிரஸ் கவுன்சில் நெறிமுறை சொல்கிறது. உங்கள் விஷயத்தில் சர்ச்சை எதுவும் கிடையாது. பஸ் வந்ததா, வரவில்லையா, அவ்வளவுதான்.

காலண்டரில் இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள். கடிதம் அனுப்பும்போது எனக்கும் ஒரு நகல் போடுங்கள்.