வார்டு கட்டியாச்சு, அப்புறம்?

அன்புள்ள ஆச்சிக்கு,

எனக்குச் செட்டிநாட்டுப் பள்ளத்தூர். உங்கள் கட்டுரைகளை விடாமல் படிக்கிறவன். மகள் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணியில் முதுகலை) படிக்கப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அதிலும் மருத்துவம், மனநலம் சார்ந்த பிரிவுதான் வேண்டுமாம். டாக்டர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், நடுவில் இவளுக்கு என்ன வேலை? சேவை செய்ய நல்ல மனசு போதாதா, பட்டம் எதற்கு? எங்கள் ஐயா, அதாவது தாத்தா, எந்தப் பட்டமும் இல்லாமலே ஆஸ்பத்திரிக்கு ஒரு வார்டு கட்டிக் கொடுத்தவர்கள். அடுத்த வருஷம் அவர்கள் நூற்றாண்டு. வார்டுக்குக் கிரானைட் போடலாம் என்று பங்காளிகள் பேசி வைத்திருக்கிறோம். மகள் அதற்கும் முகம் சுளிக்கிறாள். சம்பளம், கல்யாணம் என்று வீட்டில் தினமும் சண்டை. உங்கள் கருத்து வேண்டும்.

அண்ணாமலை

அன்புள்ள அண்ணாமலை,

கல்யாணப் பேச்சை என்னிடம் கொண்டுவராதீர்கள். சம்பளம் குறைவுதான், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநலச் சமூகப் பணியாளருக்கு இடம் உண்டு. பெரிய மருத்துவமனைகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் உண்டு. பலவும் ஒப்பந்த வேலை. இதெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் உங்கள் மகள் நிற்கிறாள் என்று நினைக்கிறேன். படிக்க எங்கே அனுப்புவது என்று யோசிக்க வேண்டாம், காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே சமூகப்பணித் துறை இருக்கிறது.

'நல்ல மனசு போதாதா' என்று கேட்டீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் இருந்தார். மனைவி, மகளோடு முகப்பை ஒட்டிய அறையில் குடியிருப்பு. அவருக்கு டிபி வந்தது. ஆறு மாத மருந்து. இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, உடம்பு தேறியது. அப்புறம் மாத்திரை வாங்கப் போவதை நிறுத்திவிட்டார். சுகாதார நிலையத்தில் கூப்பிட்டுத் திட்டினார்கள். தலையாட்டிவிட்டு வந்தார், மறுபடி போகவில்லை.

எதிர்வீட்டு அம்மாளுக்கு ரொம்ப நல்ல மனசு. நாட்டுக்கோழிச் சாறு வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்த கையோடு, அவருக்கு என்ன வியாதி என்பதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பால்காரர் பாத்திரத்தைத் தள்ளி வைக்கச் சொன்னார். நல்ல மனசு செய்த வேலை இது.

அப்புறம் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து சின்னப் பெண் ஒருத்தி வந்தாள், எம்.எஸ்.டபிள்யூ. படித்தவள். மாத்திரையைப் பற்றி வாயே திறக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து மகள் படிப்பு, கிணற்றுத் தண்ணீர், ரேஷன் என்று பேசிக்கொண்டிருந்தாள். இதற்கா சம்பளம் என்று நீங்கள் பார்த்திருந்தால் கேட்டிருப்பீர்கள். இப்படி இரண்டு மூன்று முறை வந்துபோன பிறகு விஷயம் வெளியே வந்தது. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குமட்டுகிறது. காலையில் அந்த வீட்டில் சமைப்பதில்லை. டிபி நோயாளிக்குச் சத்துணவுக்காக அரசாங்கம் கொடுக்கும் பணம் (அப்போது மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரிலிருந்து 1,000) அவருடைய கணக்கில் ஏறவே இல்லை, கணக்கு முடங்கிக் கிடந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பயம். வீட்டுக்காரர்களுக்கு, அதாவது எங்களுக்கு, தெரிந்தால் அறையைக் காலி செய்யச் சொல்லிவிடுவோம் என்று.

அவள் வங்கிக்கு அவரைக் கூட்டிப்போய்க் கணக்கைச் சரிசெய்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை போடலாமா என்று டாக்டரிடம் கேட்டு வந்து சொன்னாள். மனைவிக்கும் மகளுக்கும் சளிப் பரிசோதனை செய்ய வைத்தாள். "உங்கள் வீட்டுக்காரர்களிடம் நான் பேசட்டுமா?" என்று அவரிடம் கேட்டு, சம்மதம் வாங்கிக்கொண்டுதான் எங்களிடம் வந்தாள். ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவரிடமிருந்து சில வாரங்களிலேயே தொற்று வெகுவாகக் குறைந்துவிடும், அவரை வெளியே அனுப்பினால்தான் மருந்து நிற்கும், ஆபத்தும் வரும் என்று என் பெரியப்பா மகனை உட்கார வைத்துப் பாடம் எடுத்தாள். அண்ணாமலை, அந்த 'பேசட்டுமா' என்ற கேள்வியைப் படித்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். எதிர்வீட்டு அம்மாளுக்கு அது தெரியவில்லை.

இது புதிதாக வந்த ஞானமும் இல்லை. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் டிபி ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். டிபி நோயாளிகளைத் தங்க வைக்கும் சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்றோட்டம் என்று வைத்து மருந்து கொடுத்தால்தான் பலிக்குமா, நெரிசலான வீட்டில் அரைவயிற்றுச் சாப்பாட்டோடு இருப்பவருக்கும் பலிக்குமா என்று ஒப்பிட்டார்கள். 1959இல் முடிவு வந்தது: ஏறக்குறைய ஒரே பலன். உலகம் முழுக்க டிபி வைத்தியத்தையே மாற்றிய ஆய்வு. (தாம்பரம் சானடோரியம் இன்றைக்கும் ரயில் நிலையத்துக்குப் பெயராக இருக்கிறது.) ஆனால் மாத்திரையைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. வீடு வீடாக ஆள் போனது. சொல்லாமல் கொள்ளாமல் போய் மிச்ச மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீர் எடுத்துச் சோதித்தார்கள். பெரிய கட்டடம் இல்லாமல் சமாளிக்கலாம், வீட்டுக்குப் போகிற ஆள் இல்லாமல் முடியாது என்பதுதான் எனக்கு அதில் தெரிகிறது.

மனநலப் பிரிவு என்றதும் தயங்கியிருப்பீர்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, நம் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில், ஏர்வாடியில், சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் போனார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்கள் எல்லாரும் கொடூரர்கள் இல்லை. பலருக்கு வேறு வழி இருப்பதையே யாரும் வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கவில்லை.

சரி, வார்டுக்கு வருகிறேன். போன மாதம் ஒரு மருத்துவமனைக் கட்டடத் திறப்பு விழாவுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து இது என் மனதில் கிடந்து உறுத்துகிறது. நன்கொடையாளர் பெயர்களுக்கே ஒரு சுவர். திறந்து வைத்த அறைகளில் பாதிக்கு ஆள் போடவில்லை. நம் ஊர்க்காரர்கள் கை தாராளமானது, யாரும் மறுக்க முடியாது. பள்ளிக்கூடம், கல்லூரி, ஊருணி, சத்திரம் எல்லாம் கண்முன்னே நிற்கிறது. ஆனால் கோயில் கட்டியவர்கள் கோபுரத்தோடு நின்றார்களா? விளக்கெண்ணெய்க்கு, பூக்கட்டுகிறவருக்கு, மடைப்பள்ளிக்கு, குருக்களுக்கு, ஓதுவாருக்கு என்று நிலத்தை எழுதி வைத்தார்கள். இப்படி எழுதி வைத்த கட்டளை இல்லாமல் கும்பாபிஷேகம் செய்தால் ஊர் சிரிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். பாடசாலை வைத்தால் வாத்தியார் சம்பளத்துக்கும் சேர்த்தே வைத்தார்கள். ஆஸ்பத்திரி என்று வந்ததும் மட்டும் இந்தப் புத்தி எங்கே போனது? கட்டில் கொடுக்கிறோம், ஏசி கொடுக்கிறோம், ஆம்புலன்ஸ் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கட்டிலிலிருந்து வீட்டுக்குப் போனவர் மாத்திரை சாப்பிட்டாரா என்று பார்த்து வர ஒரு பெண்ணுக்கு மாதச் சம்பளம் கொடுங்கள் என்றால், "அது அரசாங்கத்தின் வேலை" என்கிறோம். வார்டு கட்டுவது மட்டும் யார் வேலையாம்? சம்பளத்தில் பெயர் பொறிக்க இடமில்லை, அவ்வளவுதான் காரணம். உங்கள் ஐயாவை நான் குறை சொல்லவில்லை. அந்தக் காலத்தில் வார்டே இல்லை, கட்டினார்கள். இப்போது வார்டு இருக்கிறது. பேரன்மார் கிரானைட் போடுகிறீர்கள்.

அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021இல் வந்த பிறகு நம் ஊர்களிலும் பெண்கள் வீடு தேடிவந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பிள்ளைகள் சிங்கப்பூரில் இருக்க, இரண்டு கட்டு வீட்டில் தனியாக இருக்கும் எத்தனையோ ஆச்சிமாருக்கு அவர்கள்தான் முகம் பார்த்துப் பேசுகிற ஆள். அந்தப் பெண்களுக்குக் கையில் வருவது சில ஆயிரம் ஊக்கத்தொகை. ஆச்சி கீழே விழுந்ததை மறைக்கிறார், சாப்பிடாமல் கிடக்கிறார் என்று அவர்கள் கவனித்தால், அடுத்து யாரிடம் போய்ச் சொல்வார்கள்? அதைக் கேட்டு, குடும்பத்தோடு பேசி, முதியோர் உதவித்தொகையோ மருத்துவமனையோ ஏற்பாடு செய்கிற ஆளாகத்தான் உங்கள் மகள் வரப் பார்க்கிறாள்.

கிரானைட்டுக்கு எவ்வளவு எஸ்டிமேட் போட்டிருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். அதை ஐயா பெயரில் டெபாசிட்டாகப் போட்டால் வருஷத்துக்கு என்ன வட்டி வரும், அதில் ஒரு ஆளுக்கு எத்தனை மாதச் சம்பளம் கட்டும் என்று மகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். போதாவிட்டால் பங்காளிகளிடம் பேச நானே பள்ளத்தூர் வருகிறேன். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்னவென்றும் அவளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆச்சி