ஆல்பத்துக்கு அட்டை வடிவமைக்கும் மகள்: குன்னூர்த் தந்தை ஒருவரின் கடிதத்துக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மகள் பிளஸ் டூ வணிகவியல் படிக்கும் இந்த ஆண்டில், உள்ளூர் இளைஞர்கள் நடத்தும் இசைக்குழு ஒன்றின் முதல் ஆல்பத்துக்கு அட்டையும் போஸ்டரும் விளம்பரமும் வடிவமைப்பதிலேயே மாலை நேரம் முழுவதையும் செலவிடுகிறார் என்றும், இதில் சோறு கிடைக்குமா கிடைக்காதா என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். ஒரே வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயம் அல்ல என்றாலும், சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். இசைக்குழுக்களுக்கு அட்டை வடிவமைப்பதை மட்டும் நம்பிக் குன்னூரில் குடும்பம் நடத்த முடியாது. சென்னையிலும் பெங்களூரிலும்கூட அதை மட்டுமே செய்து வாழ்பவர்கள் அரிது. ஆனால் அந்த வேலைக்குள் அடங்கியிருக்கும் தொழில், அதாவது ஒரு சரக்குக்குப் பொருத்தமான உறை செய்து, அதைத் தேடி வாங்கும்படி விளம்பரமும் செய்யும் தொழில், நல்ல பிழைப்பைத் தரக்கூடியது. அதற்கு முறையான படிப்பும் உண்டு. எனவே இந்த ஆல்பத்தை அவர் பாதியில் விட்டுவிடாமல் அச்சகம் வரை கொண்டுபோய் முடிக்கட்டும் என்பதே என் கருத்து.

தாங்கள் அனுப்பிய மாதிரியை நிதானமாகப் பார்த்தேன். நீலகிரிப் பிள்ளைகள் எதை வடிவமைத்தாலும் அதில் மலை ரயிலும் பனிமூட்டமும் குறிஞ்சிப் பூவும் வந்துவிடும். சுற்றுலாக் காலண்டர்களில் நாம் பார்த்துச் சலித்தவை அவை. தங்கள் மகளோ தேயிலைத் தொழிற்சாலை மாடியில் இலை வாட்டும் நீண்ட தொட்டிகளுக்கு நடுவே ஒரு டிரம் செட்டை நிறுத்திப் படமெடுத்திருக்கிறார். தாங்கள் பல ஆண்டுகள் வேலை பார்த்த இடம் அது என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. தங்களுக்கு அது வெறும் வேலையிடம், வெளியில் இருப்பவருக்கோ இதுவரை எந்த ஆல்பத்திலும் பார்த்திராத காட்சி. இந்தக் கண் பழகி வருவதல்ல. மற்றவை எல்லாம் கற்றுக்கொள்ளக்கூடியவை, அவற்றில் அவர் கற்க வேண்டியதும் நிறைய இருக்கிறது.

முதலாவது, தமிழ் எழுத்து. பின்பக்கப் பாடல் பட்டியலில் 'கொ', 'தோ' போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் போன்ற மென்பொருள்களில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தேர்வு செய்யாமல் யூனிகோட் தமிழை ஒட்டினால் இப்படித்தான் உடையும். நம் ஊர் அச்சகங்கள் பலவற்றில் இன்னும் கோரல்டிராவும் பழைய விசைப்பலகை எழுத்துருக்களும்தான் புழக்கத்தில் இருப்பதால், வீட்டில் சரியாகத் தெரிந்த தமிழ் அங்கே போய்க் குதறிப்போவதும் உண்டு. ஆகவே மெய்ப்பு பார்த்து முடித்ததும் எழுத்துகளை வளைகோட்டு வடிவமாக, அச்சகத்தார் சொல்வதுபோல் 'கர்வ்' ஆக, மாற்றிய பிறகே கோப்பை அனுப்ப வேண்டும். தமிழ் எழுத்தைப் பிழையில்லாமலும் அழகாகவும் கையாளத் தெரிந்த வடிவமைப்பாளர்கள் தேவைக்குக் குறைவாகவே இருக்கிறார்கள் என்பதை நான் பல நிறுவனத்தார் வாய்மொழியாகவே கேட்டிருக்கிறேன். கணினியே படம் வரைந்து தரும் இந்தக் காலத்தில் மகளின் கைவேலைக்கு என்ன மதிப்பு என்று கேட்டிருந்தீர்களே, அதற்கு என் பதிலின் ஒரு பாதி இதுதான். மறுபாதி அச்சில் இருக்கிறது.

இன்று பெரும்பாலோர் பாட்டைக் கைப்பேசியில்தான் கேட்கிறார்கள் என்பதால், அட்டை என்பது முதலில் ஒரு சதுரப் படம். பாட்டுச் செயலிகளுக்கு அனுப்ப 3000 பிக்சலுக்கு 3000 பிக்சல் என்ற அளவு எங்கும் ஏற்கப்படுகிறது. அதே படம் கேட்பவரின் திரையில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருங்கித்தான் தெரியும். அந்த அளவில் குழுவின் பெயர் படிக்கக் கிடைக்கிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். அந்த அட்டையில் இணைய முகவரி, விலை, தொலைபேசி எண் போன்றவற்றைப் போட்டால் ஆப்பிள் மியூசிக் போன்ற தளங்கள் திருப்பி அனுப்பிவிடும். தங்கள் மகள் கீழே வலப்பக்கம் போட்டிருக்கும் கைப்பேசி எண் அகற்றப்பட வேண்டியது.

அச்சிடும் சிடி உறை வேறு உலகம். பிளாஸ்டிக் பெட்டியின் முன்பக்கச் சிறு புத்தகம் ஏறத்தாழ 120 மி.மீ. சதுரம், பின்பக்க இன்லே அட்டை 151 மி.மீ. அகலமும் 118 மி.மீ. உயரமும் கொண்டது, அதன் இரு ஓரங்களிலும் ஏறத்தாழ 6.5 மி.மீ. மடிந்துதான் அலமாரியில் பெயர் தெரியும் முதுகுப்பட்டை கிடைக்கிறது. இந்த மடிப்பைக் கணக்கில் கொள்ளாததால், அவரது மாதிரியில் குழுவின் பெயரில் முதல் எழுத்து மடிப்பிலேயே விழுகிறது. சுற்றிலும் 3 மி.மீ. வெட்டுக்கு விடுவது, படங்களை 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) வைப்பது, திரையின் வண்ணத்தை நான்கு மை வண்ணத்துக்கு மாற்றுவது ஆகியவை எந்த அச்சகத்திலும் ஒரே வாரத்தில் பழகிவிடும். ஆனால் மாற்றிய பிறகு என்ன நேர்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் புரியும்: கைப்பேசியில் பளிச்சென்று மின்னும் கொழுந்திலையின் பச்சை, மையில் இறங்கும்போது மங்கிப்போகும். பாடல் வரிகளை நான்கு மையும் கலந்த கறுப்புப் பின்னணியில் பொடி எழுத்தில் வெள்ளையாக விட்டிருக்கிறார். நான்கு மையில் ஒன்று இம்மியளவு விலகினாலும் அந்த எழுத்துகள் அடைந்துபோகும். ஒரே கறுப்பு மையில் அச்சிட்டு, எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கினால் போதும்.

பிளாஸ்டிக் பெட்டிக்குப் பதிலாக மடிக்கும் அட்டை உறை செய்யலாம் என்று குழுவினர் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். பிளாஸ்டிக் கட்டுப்பாடு கடுமையாக உள்ள நம் மாவட்டத்துக்கு அது பொருத்தமான யோசனையே. ஆனால் குன்னூரின் ஈரக்காற்றில், வெளிப்பக்கம் மட்டும் லேமினேஷன் செய்த கனத்த அட்டையின் உட்பக்கம் ஈரத்தை உறிஞ்சி உப்பும். லேமினேஷன் செய்த பக்கம் உப்பாது. விளைவாக உறை வாய்பிளந்து நிற்கும். கோவை வெயிலில் தட்டையாக இருந்த மாதிரி ஐப்பசி மழையில் இங்கே வளைந்துவிடும் என்பதால், இங்கேயே சில நாள் வைத்துப் பார்த்த பிறகு மொத்த அச்சுக்கு ஒப்புதல் தருவது நல்லது. மடிப்பு அட்டையின் இழையோட்டத்துக்கு இணையாக விழ வேண்டும், மடிக்கும் இடத்தில் முன்னரே க்ரீசிங், அதாவது அழுத்திய மடிப்புத்தடம், போட வேண்டும். இல்லையேல் மடிப்பில் மை வெடித்து வெள்ளைக்கோடு தெரியும்.

இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் இருக்கிறது. அட்டையின் இழை, மடிப்பு, ஈரம், மை ஆகியவற்றை ஓர் ஆல்பத்தில் கற்றவர், தேயிலைப் பெட்டிக்கும் ஊட்டிக் கடைகளின் கைச் சாக்லேட் பெட்டிக்கும் யூகலிப்டஸ் தைலப் புட்டியின் லேபிளுக்கும் அதே அறிவைத்தான் பயன்படுத்தப் போகிறார். நம் மலையில் தரமான சரக்கு ஏராளம். உறையைப் பார்த்தால்தான் வாங்க மனம் வருவதில்லை. அந்த இடைவெளியில்தான் மகளின் பிழைப்பு இருக்கிறது என்று நான் கருதுகிறேன். இசைத்தட்டு உறையே அந்த வழியில் பிறந்ததுதான்: 1940 வாக்கில் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர் படம் போட்ட உறையைக் கொண்டுவரும் வரை இசைத்தட்டுகள் பெரும்பாலும் வெற்று உறையில்தான் கடைக்கு வந்தன. கிராமி விருதுகளில் 1959-ஆம் ஆண்டின் முதல் விழாவிலேயே அட்டை வடிவமைப்புக்குத் தனி விருது இருந்தது.

விளம்பரத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அதில் மகள் ஏற்கெனவே நன்றாகச் செய்கிறார். ஒரே படத்தை எல்லா இடத்துக்கும் இழுத்து நீட்டாமல், கைப்பேசியின் நிமிர்ந்த திரைக்கு 1080-க்கு 1920 என்றும், யூடியூப் முகப்புப் படத்துக்கு 1280-க்கு 720 என்றும் தனித்தனியே அமைத்திருப்பது பாராட்டுக்குரியது. நாளிதழ் விளம்பரத்தில் மட்டும் படத்தை வெளிச்சமாக்க வேண்டும். செய்தித்தாளில் மை பரவி, இருண்ட படம் கரியாகிவிடும். போஸ்டரை வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்து வெளியே ஒட்டினால் பெட்ஃபோர்டு பகுதிப் பனியில் ஒரே இரவில் வழிந்துவிடும், ஆஃப்செட்டில் அடிக்கட்டும். பொதுச்சுவர்களில் அனுமதியின்றி ஒட்டுவதைத் தடுக்கும் மாநிலச் சட்டம் 1959 முதலே இருக்கிறது என்பதையும் அந்த இளைஞர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

உள் அட்டையில் தோடர் பூத்தையல் கோலத்தை அப்படியே எடுத்துப் பின்னணியாக்கியிருப்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. வெள்ளைத் துணியில் கறுப்பும் சிவப்புமாகத் தோடர் பெண்கள் நூலெண்ணித் தைக்கும் அந்த வேலைப்பாட்டுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அச்சிட்ட காகிதத்துக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்ற சட்டவாதம் ஒருபுறம் இருக்கட்டும். பக்கத்து மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், இருக்கும் பெண்களைக் கேட்காமல் அதை எடுப்பது முறையல்ல. நேரில் போய்க் கேட்டு, கூலி கொடுத்து, உறையில் அவர்கள் பெயரையும் போட்டால் ஆல்பத்துக்கே மதிப்புக் கூடும். படகர்களின் ஹெத்தை விழாப் படங்களைப் போஸ்டரில் போடுவதற்கும் இதே முறைதான்: ஹட்டியின், அதாவது படகர் ஊரின், பெரியவர்களிடம் கேட்ட பிறகே போட வேண்டும்.

பண விஷயத்தில் தாங்கள் கண்டிப்பாக இருக்கலாம். நண்பர்கள் என்றாலும், எத்தனை வடிவம், எத்தனை முறை திருத்தம், எவ்வளவு முன்பணம் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். அச்சுச் செலவை மகள் கையிலிருந்து போடவே கூடாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்திலும் வரையச் சொன்ன ஓவியத்திலும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் உரிமை பணம் கொடுத்தவருக்கே போகும். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். பிற்காலத்தில் இந்த வேலையைத் தன் மாதிரித் தொகுப்பில் காட்டும் உரிமை தனக்கு உண்டு என்ற ஒரு வரியை அவர் கட்டாயம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி படிப்பு. வணிகவியல் மாணவி என்பதால் அண்ணா பல்கலைக்கழகத்தின் அச்சு மற்றும் சிப்பமிடல் பொறியியல் அவருக்குக் கிடைக்காது. அதனால் இழப்பொன்றும் இல்லை. 1961-இல் தொடங்கிய அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனமும் அதன் சகோதர நிறுவனங்களும் எந்தப் பிரிவு மாணவரையும் இரண்டு கட்டத் தேர்வு வைத்து 4 ஆண்டு பி.டெஸ். எனும் வடிவமைப்புப் பட்டப்படிப்பில் சேர்க்கின்றன. ஐஐடிகளின் பி.டெஸ். படிப்புக்கு யூசீட் என்ற தேர்வை ஐஐடி பம்பாய் நடத்துகிறது. இரண்டிலும் போட்டி கடுமை, செலவும் அதிகம். எழுதிப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் அவற்றை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். தங்கள் வருமானத்தை வைத்துப் பார்த்தால், 1850-இல் தொடங்கப்பட்ட சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியிலோ கும்பகோணத்து அரசு கவின்கலைக் கல்லூரியிலோ காட்சித் தகவல் வடிவமைப்பில் 4 ஆண்டு பி.எஃப்.ஏ. எனும் கவின்கலைப் பட்டப்படிப்பில் சேர்வதையே நான் முதல் தெரிவாகச் சொல்வேன். கட்டணம் குறைவு, தமிழில் படித்து வந்த பிள்ளைகள் தயக்கமின்றிப் பழகும் சூழலும் உண்டு. சேர்க்கைக்கு வரைதிறன் தேர்வு உண்டு என்பதால் இப்போதிருந்தே தினமும் பென்சிலைப் பிடிக்க வேண்டும். அதுவும் அமையாவிட்டால், கோவையில் தங்கி 3 ஆண்டு விஸ்காம் எனும் காட்சித் தகவலியல் பட்டப்படிப்பைப் படித்துக்கொண்டே அச்சகம் ஒன்றில் பகுதிநேரம் பழகலாம். ஆறு மாதத்தில் டிசைனராக்குகிறோம் என்று பெருந்தொகை கேட்கும் தனியார் பயிற்சி மையங்களுக்குக் கடன் வாங்கிக் கட்டாதீர்கள். அவர்கள் கற்றுத்தரும் மென்பொருளைத் தங்கள் மகள் ஏற்கெனவே பாதிக்கு மேல் அறிந்திருக்கிறார்.

தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் முதல்நிலைத் தேர்வும் யூசீடும் வழக்கமாக டிசம்பர், ஜனவரியை ஒட்டி வரும். பிளஸ் டூ செய்முறைத் தேர்வும் பொதுத்தேர்வும் அவற்றின் பின்னாலேயே வரும். ஆகவே ஆல்பத்தின் இறுதிக் கோப்பை அக்டோபருக்குள் அச்சகத்துக்குக் கொடுத்துவிடுவது என்று குழுவினரிடம் தாங்களே பேசி முடிவு செய்யுங்கள்; அதற்குப் பிறகு வரும் திருத்தங்களைக் குழுவில் வேறு யாரேனும் பார்த்துக்கொள்ளட்டும். தொட்டிகளுக்கு நடுவே எடுத்த மூலப்படம், பென்சிலில் போட்ட முதல் வரைவுகள், அச்சகம் திருப்பித் தந்த பிழையான மாதிரித்தாள் ஆகிய எதையும் தூக்கிப்போடாமல் ஒரு கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். நேர்முகத் தேர்வு அமையும் இடங்களில், முடிந்த அட்டையைவிட அந்தத் தாள்களைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள்.